பாகம் பிரித்த டிஸ்க்

பஞ்சாட்சரத்துக்குக் கம்ப்யூட்டர் மேல் என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. வேறு எதன் மேல் இருந்தது என்று கேட்டால் அவர் பெண்சாதி ஜெயம்மாளுக்கே பதில் தெரியாது. நூல் கடைத் தராசை நம்ப மாட்டார். பஸ் கண்டக்டர் கொடுக்கிற சில்லறையை நம்ப மாட்டார். மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கையெழுத்துப் போடுவதற்கு முன் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். முன்பக்கத்தையே அவரால் முழுசாகப் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது சேலை பார்டருக்காக. திருத்தணியில் அரக்கோணம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தறித்தெருவில் அவருக்கு நாலு விசைத்தறி. பார்டரைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, அட்டையைத் தறிக்கு மேலே கோத்துத் தொங்கவிட்டால் தறி அந்தப் பூவை அப்படியே நெய்யும். வரைகிற வேலை மகள் பிரியங்காவுடையது. பூ இன்னும் கொஞ்சம் குண்டாக இருக்கட்டும், கொடி இந்தப் பக்கம் வளையட்டும் என்று பின்னால் நின்று சொல்கிற வேலை இவருடையது.

2007-ஆம் வருஷம் பிரியங்கா எம்.சி.ஏ. கடைசி வருஷத்தில் இருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது, பாஸ் பண்ணிவிட்டு வா என்று. பாஸ் பண்ண ஒரு ப்ராஜெக்ட் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து ஆட்களை வரிசையாகக் கூப்பிடுகிற புரோகிராம் ஒன்றைத் தீபாவளியிலிருந்து உட்கார்ந்து எழுதி முடித்திருந்தாள். அதை விண்டோஸில் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், லினக்ஸில் ஓட்டிக் காட்டு என்று காலேஜில் வரலட்சுமி மேடம் கடைசியில் சொல்லிவிட்டார். புதன்கிழமை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் சென்னை இல்லை.

விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட வழியில்லை. பார்டர் வரைகிற சாப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆகவே ஒரே மெஷினில் இரண்டும் வேண்டும்.

"ஒரு பொட்டியில ரெண்டு எப்படிமா இருக்கும்?" என்றார் பஞ்சாட்சரம்.

"ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம் இருக்கிறதில்ல? அந்த மாதிரி நைனா. ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும்."

"இருக்கிறவன் சும்மா இருப்பானா?"

"இருப்பான். பக்கத்துல ஆள் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது."

"தெரியாம எப்படி இருக்கும்? செவுரு ஒண்ணுதானே. பாகம் பிரிச்ச வூடு எதுனா இந்தத் தெருவுல உருப்பட்டுக் கீதா, சொல்லு."

"உன்கிட்ட வந்து சொன்னேன் பாரு" என்று அவள் எழுந்து போனாள்.

வழக்கமாக லினக்ஸை சி.டி. போட்டு ஏற்றுவார்கள். இந்த வீட்டில் நாலு தறி ஓடுகிறது, காற்றெல்லாம் பஞ்சு. சி.டி. போடுகிற தட்டை வெளியே இழுத்தால் பூனை முடி மாதிரி உருண்டு உருண்டு வந்தது. எந்த சி.டி.யையும் அது படிக்கவில்லை. பென் டிரைவில் ஏற்றலாமா என்றால், இந்தப் பழைய மெஷின் பென் டிரைவைப் பார்த்து எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டான் நாகேஷ். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன். மெஷினை மாட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

"ஒரு வழி கீது. டிஸ்க்கக் கழட்டி இங்க எடுத்துக்கினு வா. ஃபைல நான் உள்ள போட்டுத் தரேன். எடுத்துக்கினு போயி மாட்டு. சி.டி.யும் வேணாம், பென் டிரைவும் வேணாம். அது வயித்துல இருக்கிறத வச்சே அது எழுந்துக்கும்" என்றான்.

டிஸ்க் தனியாகக் கடைக்குப் போகிறது என்று கேட்டதும் பஞ்சாட்சரம் சட்டையை மாட்டிக்கொண்டார். அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார். அன்றைக்குக் கிருத்திகை. மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மடியில் என்ன குழந்தையா என்று எதிரில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். அவர் துண்டை இன்னும் இழுத்து மூடினார்.

அவர் பயம் டிஸ்க் உடைவது பற்றியதல்ல. நாலைந்து வருஷத்துக்கு முன் மாங்காய்க்கொத்து என்று ஒரு பார்டர் போட்டார். நன்றாக ஓடியது. அடுத்த மாசமே நாலு வீடு தள்ளி இருக்கிற ஆதிகேசவனின் தறியில் அதே மாங்காய், அதே கொத்து. ஆதிகேசவன் ஜெயம்மாளுக்குப் பெரியப்பா மகன், இவருக்குப் பாவா, அதாவது மச்சான் முறை. "கடையில தொங்குச்சு, பாத்தேன், நெய்ஞ்சேன். நீ மட்டும் மாங்காய அம்மா வயித்துலயிருந்தா எடுத்துக்கினு வந்த?" என்று கேட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அட்டை போட்டவன் கொடுத்திருப்பான், இல்லையென்றால் இந்தப் பெட்டியிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று பஞ்சாட்சரம் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாகேஷ் டிஸ்க்கைத் தன் மெஷினில் கோத்து, லினக்ஸ் ஃபைலை உள்ளே அனுப்பினான். பிறகு திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"பெரியவரே, சி டிரைவுல ஃபைலப் போட்டுட்டேன். டி டிரைவுலருந்துதான் இடம் வெட்டி லினக்ஸுக்குக் குடுக்கணும். டிசைனு, பாப்பாவோட ப்ராஜெக்ட்டு, எல்லாம் அதுலதான் கீது. வெட்டும்போது உள்ள இருக்கிறத ஒரு பக்கமா ஒதுக்கும். அப்ப எதுனா ஆச்சுன்னா எல்லாம் போயிடும். ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிறேன்."

"எதுல வச்சிக்குவ?"

"தோ, நம்ம மெஷின்லதான்."

"டிசைனுமா?"

"எல்லாமேதான்."

"வேணாம்."

நாகேஷ் சிரித்தான். "உங்க டிசைன வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்குத் தறியா கீது?"

"உனக்கு இல்ல. உன் மாடிப்படி ஏறி வரவன் பத்துப் பேருக்குக் கீது."

பிரியங்கா இருவருக்கும் நடுவில் வந்தாள். "நைனா, உன் டிசைன வுட்டுடலாம். என் ப்ராஜெக்ட்ட மட்டும் எடுத்துக்கறோம். அது கூட வேணாம்னா மெயில்ல போட்டுடறேன், ரெண்டு நிமிஷம்."

"எது உன்னுது எது என்னுதுன்னு எனக்கு இன்னா தெரியும்? இவன் ஒரு பட்டன் அமுக்குறான், நீ ஒண்ணு சொல்ற. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பூச்சிதான். ஒண்ணும் வெளிய போவக் கூடாது."

"என்னக்கூட நம்ப மாட்டியா?"

"உன்ன நம்பறேன். பொட்டிய நம்பல."

அவள் முகம் சிறுத்துப்போனது. அந்நிய மனிதன் எதிரில் அப்பனோடு சண்டை போடுகிற வளர்ப்பு இல்லை. நாகேஷ் கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றித் துண்டோடு நீட்டினான்.

"சரிங்க பெரியவரே. ஒண்ணே ஒண்ணு. அது ஒதுக்கிக்கினு இருக்கிற நேரத்துல கரண்ட் மட்டும் போவக் கூடாது."

"கரண்ட நான் பாத்துக்கறேன்" என்றார் பஞ்சாட்சரம்.

சொன்ன வார்த்தைக்கு அவர் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லைன் வேலை ஏதாவது உண்டா என்று கரண்ட் ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டார். இல்லை என்று ஒருவன் சொன்னதை நம்பாமல் இன்னொருவனையும் கேட்டார். யூபிஎஸ் பேட்டரி உப்பிப்போய்ப் பல நாளாயிற்று. வீட்டு லைனோ, பக்கத்து வீட்டில் கிரைண்டர் போட்டாலே விளக்கு கண் சிமிட்டும். ஆனால் தறிக்கு வருகிற லைன் தனி, கெட்டி.

"கம்ப்யூட்டர வூட்டு பிளக்குல சொருவாத. தறி லைன்ல குடு. அது ஆடாது, அசையாது" என்று சொல்லி, அவரே தறி ஷெட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, பிரியங்காவின் மேஜைக்குக் கீழே பிளக் பெட்டியை வைத்துக் கொடுத்தார். அவளுக்கும் அது சரியென்று பட்டது. நைனா இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதில் அவளுக்குக் கோபம்கூட ஓரளவு தணிந்திருந்தது. வீட்டில் நெட் கிடையாது, சொந்தமாகப் பென் டிரைவும் கிடையாது; நைனா சொல்லை மீறி வேறெங்கும் காப்பி எடுத்து வைக்க அவள் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தாள். மெஷின் தன் வயிற்றில் இருந்ததை வைத்தே எழுந்தது. நாகேஷ் சொன்னது பொய்யில்லை. இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. கொடுத்தாள். நீலக் கோடு ஒன்று திரையின் இடது ஓரத்திலிருந்து எறும்பு மாதிரி நகரத் தொடங்கியது.

"இதுதான் நைனா ஒதுக்குறது. இந்தக் கோடு அந்த ஓரத்துக்குப் போயிடுச்சுன்னா முடிஞ்சிது. அதுவரைக்கும்..."

"தெரியும், தெரியும்" என்றார். நீலக் கோட்டைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அது தன்னை ஏமாற்றுகிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. ஷெட்டுக்குப் போனார். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயம்மாள் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க பாவாவ இன்னிக்கி டிஸ்சார்ஜ் பண்றாங்களாம். சென்னையிலருந்து கூட்டிக்கினு வராங்க. காலைல கோலம் போடும்போது பக்கத்து வூட்டுத் தாயம்மா சொல்லிச்சு" என்றாள், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி. ஆதிகேசவன் நெஞ்சுவலி என்று சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"வரட்டும்" என்றார் பஞ்சாட்சரம்.

"வந்தா ஒரு எட்டுப் போயிப் பாக்கக் கூடாதா?"

"மாங்காய எடுத்துக்கினு போறேன்."

ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். விடியற்காலையிலேயே ஆதிகேசவன் போய்விட்டார் என்பதும், உடம்பு வந்து சேருகிறவரை பெண்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆண்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது. பேச்சு வார்த்தை இல்லாத வீடு என்பதால் பஞ்சாட்சரத்துக்கும் யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தறியில் இழை அறுந்தது. குனிந்து முடிந்துகொண்டிருந்தபோது தெருமுனையில் ஏதோ மாறியது அவர் காதுக்குத் தெரிந்தது. தறித்தெருவில் இருக்கிறவனுக்குச் சத்தம் காதில் விழாது, சத்தம் நின்றால்தான் விழும். முனை வீட்டில் நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. எதிர் சாரியில் தங்கவேல் வீட்டில் நின்றது. வாசலை எட்டிப் பார்த்தார். வெள்ளை வண்டி ஒன்று சைரன் போடாமல் மெதுவாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண் குரல் வீறிட்டது.

அந்தத் தெருவில் பிணம் நுழைந்தால் தறி ஓடக் கூடாது. பகையாளி பிணமாக இருந்தாலும் சரி, ஊர் பேர் தெரியாதவன் பிணமாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு தறியாக நிறுத்திக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். பஞ்சாட்சரம் தன் அப்பன் காலத்திலிருந்து அதைச் செய்துவருகிறார். யோசித்துச் செய்வதில்லை. தும்மல் வருகிற மாதிரி கை தானாகப் போகும்.

கை போனது. மெயின் இறங்கியது. நாலு தறியும் மூச்சை விட்டு நின்றன.

தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஜெயம்மாள் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு, "எங்கண்ணா!" என்று தெருவில் இறங்கி ஓடினாள். வண்டி அவர் வீட்டைத் தாண்டியபோது கண்ணாடி வழியே ஆதிகேசவனின் முகம் தெரிந்தது. தாடையைக் கட்டியிருந்தார்கள். எதிர்த்துப் பேசுகிற வாய். போய்ப் பார்த்திருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது என்று பஞ்சாட்சரத்துக்குத் தோன்றியது.

பிரியங்கா உள்ளேயிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளும் மாமாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"போயிட்டாம்மா" என்றார்.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். தெருவெல்லாம் ஜனம் நிற்கிறது, பிணம் எதிரில் போகிறது, அதனால் குரலை எழுப்பாமல் கேட்டாள்.

"நைனா, மெயின நீயா எறக்குன?"

"ஆங். பின்ன யாரு? பொணம் வந்..."

உள்ளே ஓடினார். மெயினில் கையை வைத்தார். எதிர் சாரியிலிருந்து தங்கவேல், "இன்னா பாவா, பொணத்த இன்னும் வண்டியவுட்டு எறக்கக்கூட இல்ல, அதுக்குள்ள தறி கேக்குதா உனக்கு?" என்று கத்தினான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கை மெயினிலேயே இருந்தது. மேலே தூக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"வுடு நைனா," என்றாள் பிரியங்கா பின்னாலிருந்து. "இனிமே போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்."

சாயந்திரம் ஆதிகேசவனை எடுத்த பிறகுதான் அந்தத் தெருவில் மெயின்கள் ஏறின. பிரியங்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. அணைத்துப் போட்டாள். அதே வரி.

"இன்னா சொல்லுது?" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லுது."

அம்மாக்காரி அண்ணனுக்காகக் கூடத்தில் அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைக்குள் தன் அழுகையையும் சேர்த்து அழுதுவிடலாம் என்கிற மாதிரி பிரியங்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் அழவில்லை. கரண்ட் ஆபீசில் இரண்டு பேரைக் கேட்டவர், ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தவர், இப்போது எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் மறுபடி டிஸ்க் துண்டுக்குள் போனது. ஆட்டோவில் அவர் வாய் சும்மா இருக்கவில்லை. "என் டிசைனும்தான் போச்சு. உனக்கு மட்டுமா நஷ்டம்" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"உன்னுது எங்க போச்சு நைனா? நாலு பார்டருக்கும் அட்டை தறி மேல தொங்குதில்ல. அதப் பாத்து யார் வேணா திரும்ப வரைஞ்சிடலாம்." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அட்டை இல்லாதது என்னுதுதான்."

அவர் மடியிலிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

நாகேஷ் டிஸ்க்கைக் கோத்தான். என்னென்னவோ போட்டுப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒரு கட்டத்தில் பிரியங்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். திரையில் வரிசையாக ஏதோ வந்தது.

"வந்துடுச்சா?" என்றார் பஞ்சாட்சரம்.

"பேரு வருதுங்க. தோ, டோக்கன், அப்பறம் இது... எல்லாப் பேரும் வருது." நாகேஷ் ஒன்றைத் திறந்தான். கட்டம் கட்டமாக, முள் முள்ளாக ஏதோ கொட்டியது. இன்னொன்றைத் திறந்தான். அதுவும் அப்படியே. "உள்ள ஒண்ணும் இல்ல. பாதி எடுத்து வெச்சிக்கினு பாதி வழியில நின்னுபோச்சு. இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல."

"சென்னைல ஆள் யாரும் இல்லியா?" என்றாள் பிரியங்கா.

"கீறாங்கம்மா. குடுத்தா வாரக்கணக்குல வச்சிப்பாங்க. வந்தாலும் இப்படித்தான் வரும். புதனுக்கு ஆவாது."

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கே காப்பி எடுத்திருக்கலாமே என்று நாகேஷ் சொல்வான் என்று பஞ்சாட்சரம் காத்திருந்தார். சொன்னால் திருப்பிச் சண்டை போடலாம், கத்தலாம். அவன் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து டப்பாவில் போட்டான்.

பஞ்சாட்சரம் ஸ்டூலை நாகேஷ் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்பா. ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு."

"கேளுங்க."

"அன்னிக்கி நாங்க வந்தப்ப, எனக்குத் தெரியாம காப்பி எடுத்துக்கினியா?"

நாகேஷ் விழித்தான்.

"எடுத்திருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். சத்தியமா கேக்க மாட்டேன். டிசைன நீயே வச்சிக்கோ. யாருக்கு வேணா குடுத்துக்கோ. தெருவே நெய்யட்டும். அவுளுத மட்டும் குடுத்துடு."

"எடுக்கலீங்க பெரியவரே."

"ஆள் பாக்காதப்ப ஒரு பட்டன் அமுக்கியிருப்ப. தொழில்காரன்தான, எனக்குத் தெரியாதா? தப்பே இல்லப்பா."

"நீங்க வேணாம்னு சொன்னீங்களே. வேணாம்னப்பறம் எப்படி எடுப்பேன்?"

"நல்லாப் பாரு. ஏதாச்சும் ஒரு மூலையில இருக்கும்."

நாகேஷ் பிரியங்காவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் தன் மெஷினைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். யாருடையதோ கல்யாண போட்டோ. யாருடையதோ காதுகுத்துப் பத்திரிகை. மலைக்கு வழி காட்டுகிற போர்டுக்கு எழுதிய எழுத்து. சினிமாப் பாட்டு. கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "இது இன்னா? இது?" என்று கேட்டார். அவனும் சலிக்காமல் சொன்னான். அத்தனையும் வேறு யாருடையதோ.

ஊரில் எத்தனையோ பேர் தன்னை ஏமாற்றியதாகச் சொல்லித் திரிந்தவர் அவர். இவன் ஒருவன் ஏமாற்றியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

"அவ்ளோதாங்க பெரியவரே" என்றான் நாகேஷ்.

"இன்னொரு மெஷின் கீதே, அந்த மூலையில."

"அது ரிப்பேருங்க. கழட்டிப் போட்டுக் கீது."

பிரியங்கா வந்து டிஸ்க்கை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். துண்டை மடித்து அவர் தோளில் வைத்தாள்.

"வா நைனா. அவருக்கு வேலை கீது."

"இரும்மா. அந்த ரிப்பேர் மெஷினயும் ஒரு தபா கேட்டுட்டு..."

அவள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. எந்தப் பட்டனையாவது அமுக்குமா என்று நாகேஷின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.